வண்டி நின்ற இடம்

ஊரிலிருந்து வரும் உறவினர், “பையன் என்ன உத்தியோகம் பார்க்கிறான்?” என்று கேட்டால், பெங்களூரில் வாழும் நம்மவர் பலர் “கம்ப்யூட்டரில் இருக்கிறான்” என்று ஒரே சொற்றொடரில் விடை சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்கு மேல் கேட்டால் நமக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வருவதில்லை. நாமும் 2019ஆம் ஆண்டு வரை அப்படித்தான் சொல்லிவந்தோம். அவ்வாண்டு மழைக்காலத்தில் ஒரு வாரம் நம் வீட்டில் நடந்ததை ஈண்டு எழுத முற்படுகிறோம்.

நாம் ரயில்வே எழுத்தர். மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றது. எந்த வண்டி எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நின்றது, ஏன் நின்றது என்ற கணக்கைத் தொகுத்து எழுதுவது நம் நாள்வேலை. இல்லாளின் ஊர் ஜோலார்பேட்டை. அங்கிருந்து கண்டோன்மென்டுக்கு 1864இல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட நாள் தொட்டு அவ்வழியே பிழைப்புத் தேடி வந்தவர்கள் எத்தனையோ பேர். நம் மைத்துனனும் அவ்வழியே வந்தவன்தான். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு, ஒரு துணிப்பையுடன் நம் அல்சூர் வீட்டின் முன்கூடத்தில் வந்து தங்கினான்.

வந்தவன் மாலை நேரப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து யுனிக்ஸ் கற்றான். அதற்குக் கட்டிய பணம் இல்லாளின் இரட்டைவடச் சங்கிலி. இன்னும் தெளிவாகச் சொன்னால், சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று; பணம் பயிற்சிக்கூடத்துக்குப் போயிற்று. அதைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் சொன்னோம். பல முறை சொன்னோம்.

பயிற்சி முடிந்தபின் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதத் தற்காலிகப் பணி கிடைத்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டா. ஐந்தாம் மாதத்தில் அவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள்: புதிய யுனிக்ஸ் இயந்திரம் ஒன்றில் அப்ளிகேஷன் சர்வர் என்னும் மென்பொருளை நிறுவி, ஒரு சனிக்கிழமை நள்ளிரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையே பழையதற்குப் பதிலாக அதனை ஓடச் செய்ய வேண்டும்.

அஃது என்ன பொருள் என்று கேட்டோம். அவன் சொன்ன விளக்கத்தை நம் மொழியில் தருகிறோம். முன்பதிவு அலுவலகத்துக்குப் பயணி வருகிறார். பேரேடுகள் உள்ள அறைக்குள் அவரை யாரும் விடுவதில்லை. ஜன்னலுக்கு இப்பால் ஓர் எழுத்தர் இருக்கிறார். அவர் மனுவை வாங்கி, முறையாக இருக்கிறதா என்று பார்த்து, பேரேட்டில் பதிந்து, சீட்டைக் கொடுக்கிறார். மக்கள் தம் கைப்பேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் கேட்கும் கேள்விக்கும், உள்ளே பூட்டியிருக்கும் தரவுப் பேரேட்டுக்கும் நடுவே அமர்ந்து இந்த எழுத்தர் வேலையைச் செய்வதே அப்ளிகேஷன் சர்வர். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வந்தாலும் பேரேட்டு அறைக்குள் சில பத்து வாசல்களையே திறந்து வைத்துக்கொண்டு, முறை வைத்து அனுப்பும். பெரும்பாலும் இவை ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியை 1995இல் சன் நிறுவனம் வெளியிட்டது. இத்தகைய நடு எழுத்தர் எப்படி இருக்க வேண்டும் என்ற பொது இலக்கணத்தை 1999இல் வகுத்தார்கள்.

யுனிக்ஸோ அதனினும் மூத்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்பாரும் அவர்தம் தோழரும் தொடங்கியது. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதே வழியில் எழுதி இலவசமாக வெளியிட்ட லினக்ஸ்தான் இன்று பெரும்பாலான இடங்களில் ஓடுகிறது. மைத்துனனின் இயந்திரமும் அவ்வகையே. வரலாறு இம்மட்டில் நிற்க.

பழகிப் பார்ப்பதற்காக எஸ்.பி. ரோட்டில் பழைய கணினி ஒன்றை வாங்கி வந்து முன்கூடத்து மூலையில் வைத்தான். அந்த மென்பொருளைப் பயிற்சிக்காக இறக்கிக்கொள்ள அதன் உரிமையாளர் அனுமதிக்கிறார்களாம். ஆகவே அலுவலகத்தில் செய்ய வேண்டியதை வீட்டில் முதலில் செய்து பார்த்தான். இரவு உணவுக்குப் பிறகு நாம் பாயில் அமர்ந்து வேடிக்கை பார்ப்போம்.

நிறுவுவது என்றால் ஒரு பொத்தானை அழுத்துவது என்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வாறில்லை. முதலில் வட்டில் இடம் போதுமா, நினைவகம் போதுமா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த மென்பொருளுக்கென்று தனியே ஒரு பயனர் பெயரை உண்டாக்க வேண்டும். யுனிக்ஸில் ரூட் என்பவர் சர்வாதிகாரி. எந்தக் கதவும் அவருக்குத் திறக்கும். அவர் பெயரால் சர்வரை ஓட்டினால், திருடன் ஒருவன் சர்வருக்குள் புகுந்துவிட்டால் இயந்திரம் முழுவதும் அவன் கைக்குள் போய்விடும். ஆகவே பார்சல் எழுத்தரிடம் பார்சல் கிடங்குச் சாவியை மட்டும் கொடுப்பது போல, அந்தப் பயனருக்குத் தன் அறைச் சாவி மட்டுமே. இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்தது. அலுவலகம் நடத்தத் தெரிந்த எவரோதான் இதை எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால் தம்பி முதல் நாள் அவசரத்தில் சர்வரை ஒரு முறை ரூட் பெயரிலேயே ஓட்டிவிட்டான். மறுநாள் முறையான பயனர் பெயரில் ஓட்டினால், அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது. காரணம் யாதெனில், முதல் நாள் ஓடியபோது உண்டான நாட்குறிப்புக் கோப்புகள் எல்லாம் ரூட்டின் சொத்தாகிவிட்டன. தன் நாட்குறிப்பிலேயே எழுத எழுத்தருக்கு உரிமை இல்லை! உரிமையை மாற்றிக் கொடுத்தபின் ஓடிற்று. இப்படியே ஒவ்வொன்றாகக் கற்றான். ஒரே சமயத்தில் எத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்ற வரம்பு 1024 என்று இருந்ததை உயர்த்தினான். இயந்திரத்தின் பெயரையும் முகவரியையும் உரிய கோப்பில் பொருத்தினான். அலுவலக இயந்திரத்துக்குத் திரை கிடையாது என்பதால், நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் விடையை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிவைத்து, பேசாமல் நிறுவும் முறையைப் பழகினான். எல்லாம் சேர்ந்து வீட்டில் இரண்டு நிமிடத்துக்குள் சர்வர் எழுந்து நின்றது. இல்லாள் கேசரி கிளறினாள்.

சனிக்கிழமை வந்தது. தம்பி இரவு 9 மணிக்கே கிளம்பிவிட்டான். ஞாயிறு காலை நாம் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, முன்கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். துணிப்பை கட்டியிருந்தது.

“என்ன தம்பி?” என்றோம்.

“நாளைக்குக் காலை லால்பாகில் ஊருக்குப் போகிறேன் மாமா. அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.”

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. நிறுவுதல் குறையின்றி முடிந்தது. சர்வரை ஓட்டினான், பாதி வழியில் நின்றுவிட்டது. பிழை என்று ஒரு வரி கூட வரவில்லை. இருபது நிமிடம் பார்த்துவிட்டு அதை நிறுத்தி மறுபடி ஓட்டினான். மீண்டும் அதே நிலை. மூன்றாம் முறையும் அப்படியே. மேலாளர் தொலைபேசியில், பழைய சர்வரையே திரும்ப ஓட்டும்படி உத்தரவிட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு தடவை தருவதாகவும், அப்போதும் ஆகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

இல்லாள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சங்கிலியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் நாலு இட்டிலியை வைத்து அவன் எதிரே நகர்த்திவிட்டுப் போனாள். நாமும் அன்று சங்கிலியைப் பற்றிப் பேசவில்லை. இதையேனும் நம் நன்மைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

பேச்சு வாக்கில் தம்பி ஒன்றைச் சொன்னான்: “இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா மாமா? பழையதைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது தடவை விட்டது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. யாருக்கு வேண்டும்?”

நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். “தானாகவா? எத்தனை மணிக்கு?”

“இரண்டு இருபத்தெட்டு.”

“விட்டது எப்போது?”

“ஒன்று ஐம்பது.”

வாசகர்களே, கணினியைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நின்ற வண்டிகளைப் பற்றித் தெரியும். இன்ஜின் பழுதான வண்டி தானாகக் கிளம்பாது. 38 நிமிடம் கழித்துத் தானாகக் கிளம்பிய வண்டி பழுதான வண்டியன்று; சிக்னலுக்காகக் காத்து நின்ற வண்டி. சிக்னல் விழுந்ததும் போய்விட்டது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, என்ன கெட்டுப்போயிற்று என்பதன்று. எந்த இடத்தில், யாருக்காக நின்றது என்பதே. இதைச் சொன்னோம். தம்பி நம்மைச் சற்று இரக்கத்தோடு பார்த்தான். ஆயினும் பையை அவிழ்த்துவிட்டான்.

நிறுவனத்துக் கோப்பை வெளியே கொண்டுவரலாகாது. மேலாளரிடம் சொல்லிவிட்டு, சர்வரின் நாட்குறிப்பில் ஒவ்வொரு வரியும் பதிவான நேரத்தை மட்டும் புதன்கிழமை ஒரு தாளில் எழுதிவந்தான். அன்றிரவு நாம் கட்டம் போட்ட தாளை விரித்து, கண்ட்ரோல் சார்ட் வரைவது போல வரைந்தோம். கண்ட்ரோல் அலுவலகத்தில் மேலிருந்து கீழே நிலையங்களின் பெயர் இருக்கும்: வைட்ஃபீல்டு, மாலூர், டேக்கல், பங்காரப்பேட்டை, குப்பம் என்று. இடமிருந்து வலமாக மணியும் நிமிடமும். ஓடும் வண்டி சாய்ந்த கோடாக இறங்கும். நிற்கும் வண்டி படுத்த கோடாக நீளும். நிலையங்களுக்குப் பதில் சர்வர் எழுந்திருக்கும் படிகளை எழுதினோம். வீட்டுக் கணினியின் ஓட்டத்தை நீலத்தில் வரைந்தோம். அலுவலக ஓட்டம் மூன்றையும் சிவப்பில் வரைந்தோம்.

நீலக் கோடு நேராகச் சாய்ந்து இறங்கியது. சிவப்புக் கோடுகள் மூன்றும் ஒரே நிலையத்தில், பாதுகாப்புப் பிரிவு எழும் படியில், படுத்துவிட்டன. முதல் இரண்டும் அங்கேயே முடிந்தன. மூன்றாவது 37 நிமிடம் படுத்திருந்து, பிறகு நீலக் கோட்டுக்கு இணையாகவே கீழே இறங்கியது. தம்பி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தான். “மற்ற எந்த இடத்திலும் ஒரு நொடி கூட வித்தியாசம் இல்லையே மாமா” என்றான். அந்தக் குரலில் முன்பிருந்த இரக்கம் இல்லை.

ஆனால் வீட்டில் ஏன் நிற்கவில்லை? வியாழன் இரவு, தன் மடிக்கணினியிலிருந்தபடியே மூலையில் இருந்த பழைய கணினியை இயக்கி, சர்வரை ஓட்டுவதும் நிறுத்துவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்தான். மூன்று முறை ஓடியது. நான்காம் முறை நின்றது! வண்டி நின்றதற்காக நாம் மகிழ்ந்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

அவன் கில் என்ற கட்டளையைத் தட்டினான். கொல் என்பது அதன் பொருள். “ஐயோ, கொன்றுவிடாதே” என்றோம். மூன்று என்ற எண்ணைச் சேர்த்துத் தட்டினால் அது ஜாவாவைக் கொல்வதில்லையாம். இப்போது உள்ளே எந்தெந்த வேலை எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும்படி கேட்பதாம். பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யலாகாது போலும். வந்த விடையில், தலைமை வேலையாள் ஒரு கோப்பைப் படித்துக்கொண்டு காத்திருப்பதாக இருந்தது. அக்கோப்பின் பெயர் டெவ் ராண்டம்.

இனி, தம்பி அன்றிரவு ஒரு மணி வரை படித்து நமக்குச் சொன்னது. வங்கிக் கணக்கு, கடவுச்சொல் முதலியவற்றைக் காக்கும் சர்வர், தன் சாவிகளைச் செய்துகொள்ள எவராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். கணினியோ விதிப்படி நடப்பது. அதனால் தானாகத் தாறுமாறாக எண்ண முடியாது. ஆகவே லினக்ஸ் வெளியுலகத்தின் ஒழுங்கின்மையைச் சேமிக்கிறது. மனிதர் விசைகளைத் தட்டும் இடைவெளி, சுட்டியை அசைக்கும் விதம், வட்டு சுழன்று விடை தரும் நேரம் ஆகியவற்றின் நுண்ணிய ஏறுமாறுகளை ஒரு தொட்டியில் நிரப்புகிறது. தொட்டியின் கொள்ளளவு அப்போது 4096 என்ற கணக்கு. டெவ் ராண்டம் என்பது அத்தொட்டியின் குழாய். தொட்டி வற்றினால் அக்கோப்பைப் படிக்க வந்தவன் காத்திருக்க வேண்டும். 1994இல் தியோடர் சோ என்பவர் எழுதிய ஏற்பாடு அது. அலுவலக இயந்திரமோ, பூட்டிய அறையில், பெரிய இயந்திரம் ஒன்றுக்குள் கற்பனையாகப் பகுக்கப்பட்ட சிறு இயந்திரம். அதற்கு விசைப்பலகை இல்லை, சுட்டி இல்லை, தொடும் மனிதர் இல்லை. துளித் துளியாகத்தான் தொட்டி நிறையும். ஒவ்வொரு முறை நிறுத்தி ஓட்டியபோதும், அதுவரை சேர்ந்த துளிகளும் வீணாயின.

பத்தாம் நூற்றாண்டில் நம் உத்திரமேரூரில் சபை உறுப்பினரைக் குடவோலை இட்டுத் தேர்ந்தார்கள். முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டப்பட்டவை, அம்முறையைக் கூறுகின்றன. குடத்திலிருந்து ஓலை எடுப்பவர் பெரியவர் அல்லர். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறு பிள்ளை. அறிந்தவன் கை ஏதேனும் ஓர் ஓலையைத் தேடிப் போகும் என்று அக்காலத்தவர் கண்டிருந்தார்கள். தம்பி தொட்டியைப் பற்றிச் சொல்லக் கேட்டபோது நம் நினைவு அங்கே ஓடியது. நினைவு ஓடியதற்குக் காரணமும் உண்டு.

நம் மகளுக்கு அப்போது நான்கு வயது. பேச்சரவத்தில் விழித்தவள், கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, யாரும் தொடாமல் மூலையில் கிடந்த பழைய கணினியின் விசைப்பலகையை இரண்டு கைகளாலும் படபடவென்று தட்டினாள். “ஏய், தொடாதே!” என்று நாம் கத்தினோம். தம்பி, “விடுங்கள் மாமா, விடுங்கள்!” என்று அதனினும் உரக்கக் கத்தினான். தொட்டியின் அளவைக் காட்டும் எண் அவன் திரையில் இரண்டு இலக்கத்தில் கிடந்தது. அது ஏறத் தொடங்கியது. குழந்தை தட்டத் தட்ட ஏறிற்று. நின்றிருந்த சர்வர் அடுத்த வரியை எழுதியது, அதற்கடுத்த வரி, ஓடுகிறது என்ற இறுதி வரி. தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தான். கீழ்வீட்டுக் கன்னடக்காரப் பெரியவர் காலையில் வந்து, இரவு என்ன விசேஷம் என்று விசாரித்தார்.

நிறுவனத்துக்குக் குழந்தையை அனுப்ப முடியாதே. பரிகாரம் எளிதாகவே இருந்தது. டெவ் யூராண்டம் என்று மற்றொரு குழாய் உண்டு. அதே தொட்டியிலிருந்து கிடைத்த விதையை வைத்து, காத்திராமல் எண்களைத் தந்துகொண்டே இருப்பது. ஜாவாவின் பாதுகாப்புக் கோப்பில் விதை எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதில் இக்குழாயைக் காட்டிவிட வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை. அந்தப் பெயரை உள்ளபடி எழுதினால் பழைய ஜாவா, ‘எனக்குத் தெரியும்’ என்று தன் போக்கில் பழைய குழாய்க்கே போய்விடுமாம். ஆகவே பாதையின் நடுவே ஒரு புள்ளியையும் ஒரு சாய்கோட்டையும் சேர்த்து எழுதுவார்கள். இடம் ஒன்றுதான், எழுத்து வேறு என்பதால் ஜாவா ஏமாந்து சரியான குழாய்க்குப் போகும். நம் அலுவலகத்திலும் சில விண்ணப்பங்களை இவ்விதமே நகர்த்த வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் தம்பி அந்தக் கட்டத் தாளையே கொண்டுபோய்க் காட்டினான். காத்திராத குழாயின் எண்கள் பாதுகாப்பானவைதாமா என்று அவர் கேட்டாராம். நல்ல கேள்வி. இரண்டுக்கும் தொட்டி ஒன்றே என்பதையும், இயந்திரம் எழுந்து தொட்டி ஒரு முறை நிறைந்துவிட்டால் பிறகு குறைவில்லை என்பதையும் இவன் எடுத்துச் சொல்லியிருக்கிறான். அவர் எழுத்தில் அனுமதி தந்தார். பின்னர் 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 முதல், தொட்டி ஒரு முறை தயாராகிவிட்டால் டெவ் ராண்டமும் காத்திருக்கச் சொல்வதில்லை. பழைய இயந்திரங்களை வைத்திருப்பவர்க்கே இத்தொல்லை இப்போது.

சனிக்கிழமை இரவு நாம் தூங்கவில்லை. 12 மணி 40 நிமிடத்துக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது: ‘வண்டி நிற்காமல் போய்விட்டது மாமா. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.’ இல்லாளை எழுப்பிச் சொன்னோம். அவளும் தூங்கியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் பணி நிலையாயிற்று. சங்கிலி மூன்று தவணையில் மீண்டது. கடைசித் தவணையைத் தம்பியே கட்டினான். இப்போது மாரத்தஹள்ளிப் பக்கம் தனியறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது பழைய கணினியை நம் மகளுக்கென்று விட்டுவிட்டு, நீலமும் சிவப்புமாக நாம் வரைந்த தாளை மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டான். அதன் மறுபக்கத்தில் வீட்டு மளிகைக் கணக்கு இருந்ததை இல்லாள் நினைவுபடுத்தினாள். அவன் மளிகைக் கணக்கை வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.